அடுத்தவர் பாய்மரப் படகில் க்ரூவாகச் சேர்வது எப்படி?

பாய்மரப் படகு வைத்திருப்பது செலவு பிடித்த ஆசை. வாங்கின விலையோடு அது முடிவதில்லை. துறையில் நிறுத்த வாடகை, கிழிந்த பாய்க்குத் தையல், அடிப்பாகத்துக்குச் சாயம், காப்பீடு என்று பணம் தண்ணீராய் ஓடும். ஆனால் பாய் விரித்துக் கடலில் போக விரும்புகிறவர் படகு வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. படகு இருந்தும் ஆள் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் பல துறைமுகங்களில் இருக்கிறார்கள். பந்தயத்துக்கு ஆறு பேர் வேண்டும், வந்தது நாலு பேர்தான். கணவனும் மனைவியுமாகச் சமுத்திரம் கடக்கக் கிளம்பினார்கள், மூன்றாவது ஆள் இல்லாமல் காப்பீடு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. கூட வருவதாக இருந்த நண்பர் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். இப்படி விழுகிற காலி இடங்களில்தான் புதியவர்கள் க்ரூவாக, அதாவது படகை ஓட்ட உதவும் ஆளாக, ஏறுகிறார்கள்.

"எனக்குப் படகோட்டவே தெரியாதே, யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. படகுக்காரரின் கவலை வேறு. சொன்ன நேரத்துக்கு வருவாரா? பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்குள் மூன்று வாரம் இவரோடு காலம் தள்ள முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பினால் முகம் சுளிக்காமல் எழுந்து வருவாரா? பாய்க் கயிறு இழுப்பதை ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. அனுபவசாலியான, ஆனால் வாய் ஓயாமல் வாதம் பண்ணுகிற ஒருவரை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத அமைதியான ஆளைச் சேர்த்துக்கொள்ளும் ஸ்கிப்பர்கள் (படகின் தலைவர்கள்) நிறையப் பேர்.

எந்த மாதிரிப் பயணம் என்று முடிவு செய்யுங்கள்

க்ரூவாகப் போவதில் பல வகை உண்டு. கிளப் பந்தயம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், செலவும் அனேகமாக இல்லை. வார இறுதிப் பயணங்களில் கரையை ஒட்டிப் போய் ஏதாவது குடாவில் நங்கூரம் போட்டுத் தங்கித் திரும்புவார்கள். டெலிவரி என்பது படகை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஸ்கிப்பருக்குச் சம்பளம், க்ரூவுக்குச் சாப்பாடும் பெரும்பாலும் பயணச் செலவும் கிடைக்கும். ஊர் சுற்றிப் பார்க்க நேரமிருக்காது, எதிர்க்காற்றில் இடிபட்டுக்கொண்டே போக வேண்டியும் வரலாம். ஆனால் கடல் மைல்கள் வேகமாகச் சேரும். அப்புறம், எல்லாரும் கனவு காணும் சமுத்திரப் பயணம்.

25 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பயிற்சிக் கப்பல்கள் நல்ல வழி. 1956-இல் தொடங்கிய டால் ஷிப்ஸ் ரேஸ் பந்தயங்களில் ஒவ்வொரு கப்பலிலும் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருந்தாக வேண்டும் என்பது விதி. முன் அனுபவம் கேட்பதில்லை, கட்டணம் உண்டு.

பெரும் பணக்காரர்களின் சூப்பர்யாட்களில் சம்பளத்துக்குப் போவது வேறு பாதை. அதற்கு எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படியான அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று, வேலைக்கான விசா எல்லாம் வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

கிளப் பந்தயத்தில் தொடங்குவது நல்லது

சமுத்திரம் கடக்கத்தான் ஆசை என்றாலும் முதல் சீசனைக் கிளப் பந்தயத்தில் கழிக்கச் சொல்வேன். பல நாடுகளில் கோடைக்காலத்தில் வாரநாள் மாலையில் கிளப்புகள் சின்னப் பந்தயம் நடத்துகின்றன. வேலை முடிந்து வருகிறவர்களை நம்பி நடப்பதால் ஏதாவது ஒரு படகில் ஆள் குறையும். கிளப்புக்குப் போன் செய்து, பந்தயத்தைக் கவனிப்பவரிடம் "புதியவன், எந்தப் படகிலாவது இடம் இருந்தால் வருகிறேன்" என்று சொல்லி வையுங்கள். உறுப்பினராக வேண்டிய அவசியம் பல இடங்களில் இல்லை. பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்த் துறையில் நில்லுங்கள். படகின் தளத்தில் கறை பதிக்காத வெள்ளை அல்லது வெளிர் நிற அடி கொண்ட ரப்பர் காலணி, காற்று புகாத மேலங்கி, தண்ணீர் பாட்டில் போதும். லைஃப் ஜாக்கெட் படகில் இருக்குமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் உங்களுக்குக் கிடைக்கும் வேலை எடை. காற்று வரும் பக்கத்து விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும், படகு திரும்பியதும் குனிந்து எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், அவ்வளவுதான். கேவலமாக நினைக்க வேண்டாம். காற்று பலமாக அடிக்கும்போது படகு சாயாமல் வேகமாகப் போவது அந்த எடையால்தான். அங்கே உட்கார்ந்தபடி, முன்னால் ஒருவர் என்ன செய்கிறார், கம்பத்தடியில் ஒருவர் எதை இழுக்கிறார், பின்னால் பாயைச் சரிசெய்பவர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கவனித்தால், அடுத்த வாரம் ஒரு கயிறாவது உங்கள் கைக்கு வரும்.

கயிறு கைக்கு வந்ததும் தெரிந்திருக்க வேண்டியது வின்ச். நட்டுவைத்த உருளை மாதிரி இருக்கும், கயிற்றை அதில் கடிகாரச் சுற்றாகச் சுற்ற வேண்டும். லேசான காற்றில் இரண்டு சுற்று, பலமான காற்றில் மூன்று நான்கு. பாயின் முழு பலமும் அந்தக் கயிற்றில் இருக்கும், பார்த்தால் தெரியாது. இழுக்கும்போது கைமுஷ்டியின் சுண்டுவிரல் பக்கம் உருளையைப் பார்த்து இருக்கட்டும், கட்டைவிரல் உங்கள் பக்கம் இருக்கட்டும். அப்போது கயிறு திடீரென்று உள்ளே இழுத்தாலும் விரல் சிக்காது. கொஞ்சம் தளர்த்த வேண்டுமென்றால் ஒரு உள்ளங்கையைச் சுற்றுகள் மேல் அழுத்தி வைத்து, மற்றக் கையால் அங்குலம் அங்குலமாக விடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அதேபோல, பெரிய பாயின் அடியில் படுக்கையாக இருக்கும் பூம் கட்டை வீசிக் கடக்கும் பாதையில் தலையை வைக்காதீர்கள். பின்காற்றில் போகும்போது அது சொல்லாமல் வரும்.

புரியாத கயிற்றைத் தொடாதீர்கள். "இதையா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். பந்தயத்தில் ஸ்கிப்பர் கத்துவார், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் நழுவிவிடாமல் பாயை மடிக்கவும் படகைக் கழுவவும் நில்லுங்கள். அடுத்த வாரமும் வாருங்கள், மழை தூறினாலும் வாருங்கள். அந்த சீசன் முடிவதற்குள் அவர்களே உங்களைத் தேடிப் போன் செய்வார்கள்.

பயிற்சி வகுப்பு வேண்டுமா?

கட்டாயமில்லை, உதவும். பிரிட்டனின் ஆர்ஒய்ஏ அமைப்பின் காம்பிட்டன்ட் க்ரூ வகுப்பு 5 நாள், படகிலேயே தங்கிக் கற்பது. அமெரிக்க ஏஎஸ்ஏ அமைப்பில் 101 என்ற வகுப்பு தொடக்கம். சான்றிதழைவிட, ஐந்து நாள் படகில் தூங்கிச் சமைத்து வாழ்ந்து பார்த்தோம் என்பதுதான் ஆதாயம். சிலருக்கு அந்த ஐந்து நாளிலேயே இது நமக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். அதுவும் லாபமே.

வீட்டில் இருந்தே முடிச்சுகள் பழகலாம். நழுவாமல் வளையம் போடும் போலைன், கயிற்றுமுனை உருவிப் போகாமல் தடுக்கும் எட்டு முடிச்சு, கம்பியில் கட்டும் க்ளோவ் ஹிட்ச், கிளீட் என்ற இரு கொம்புப் பிடியில் கயிறு கட்டும் முறை. இந்த நான்கும் இருட்டில், ஈரக் கையோடு, பார்க்காமல் வர வேண்டும். இருபது முடிச்சு அரைகுறையாகத் தெரிந்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. கூடவே முதலுதவியும், விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சேனலில் மேடே என்ற ஆபத்து அழைப்பு விடுவதும் தெரிந்தால் நல்லது. ஸ்கிப்பருக்கே ஏதாவது ஆகிவிட்டால் அழைக்க வேண்டியது நீங்கள்.

எங்கே தேடுவது?

ஃபைண்ட் எ க்ரூ, க்ரூபே, ஓஷன் க்ரூ லிங்க் போன்ற தளங்களில் படகுக்காரர்களும் க்ரூவும் தங்கள் விவரத்தைப் போடுகிறார்கள். ஃபேஸ்புக்கிலும் கடல்வாரியாகக் குழுக்கள் உண்டு. துறைமுகத்துக்கு நேரில் போக முடிந்தால் படகுச் சாமான் கடை, துணி துவைக்கும் இடம், கிளப் வாசல் ஆகிய இடங்களில் உள்ள அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். தூரதேசப் படகுகள் நிறைய நிற்கும் இடங்களில் பல நேரம் காலையில் விஎச்எஃப்-இல் எல்லாப் படகுகளும் கேட்கும்படி ஒரு பேச்சு நடக்கும். வானிலை, விற்பனைக்குப் பழைய சாமான், ஆள் தேவை எல்லாம் அதில் வரும். யாராவது ஒரு படகுக்காரரைப் பிடித்து உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னால் போதும்.

மிதவை மேடையில் நடந்து படகு படகாகக் கேட்பது பழைய முறை, இன்றும் பலிக்கிறது. காலையில் போங்கள். பாய் தைத்துக்கொண்டோ எஞ்சினைப் பிரித்துக்கொண்டோ இருப்பவரிடம் "இடம் இருக்கிறதா" என்று ஆரம்பிக்காமல், "ஒரு கை கொடுக்கட்டுமா" என்று கேளுங்கள். அழைக்காமல் படகில் கால் வைக்காதீர்கள். அது அடுத்தவர் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம்.

எழுதிப் போடுகிற செய்தியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "கடல் என்றால் உயிர், சாகசம் தேடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் வருகிறேன்" என்ற ரகச் செய்திகள் ஸ்கிப்பருக்குக் குவிந்து கிடக்கும். அவருக்கு வேண்டிய தகவல் அதில் ஒன்றும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். வயது 31. கிளப் பந்தயத்தில் ஒரு சீசன் முன்பாயைக் கவனித்தேன். இரவில் முறைக்காவல் (வாட்ச்) பார்த்ததில்லை. முதல் நாள் வாந்தி எடுப்பேன், அப்புறம் சரியாகிவிடும். நீந்தத் தெரியும், ஆறு பேருக்குச் சமைப்பேன், சிகரெட் பழக்கமில்லை. நவம்பர் 5 முதல் ஜனவரி 15 வரை ஓய்வாக இருக்கிறேன், கிளம்பும் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை. உங்கள் படகு கேனரித் தீவுகள் வழியாகப் போவதைப் பார்த்தேன், விசா ஏற்பாட்டோடு அங்கே வந்து ஏறிக்கொள்ள முடியும். அதற்கு முன்னால் ஒரு நாள் சேர்ந்து ஓட்டிப் பார்க்கலாமா?"

தெரியாததை மறைக்கவில்லை, தேதி தெளிவாக இருக்கிறது, அவர் பதிவைப் படித்ததும் தெரிகிறது. இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொன்னால் கரையை விட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் வெளுத்துவிடும். அதைவிட மோசம், நடு ராத்திரியில் உங்களை நம்பி அவர் தூங்கப் போய்விடுவார்.

காலமும் இடமும்

சமுத்திரப் படகுகள் காற்றைப் பார்த்து நகர்கின்றன, அதனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் ஒரே துறைமுகங்களில் கூடும். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அது ஓயும் நேரத்தில் கரீபியனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் மத்தியதரைக் கடல் படகுகள் இலையுதிர் காலத்தில் ஜிப்ரால்டர் வழியாகக் கேனரித் தீவுகளுக்கு இறங்குகின்றன. லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் அக்டோபர், நவம்பரில் கூட்டம் நெரியும். 1986-இல் தொடங்கிய ஏஆர்சி என்ற கூட்டுப் பயணம் நவம்பரில் அங்கிருந்துதான் கரீபியனில் உள்ள செயின்ட் லூசியாவுக்குக் கிளம்புகிறது. தூரம் சுமார் 2,700 கடல் மைல். நாற்பதடிப் படகு ஒரு நாளைக்கு 120 முதல் 150 கடல் மைல் போகும், மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் தேடி வருகிறவர்களும் அங்கே அதிகம், போட்டி இருக்கும். ஏஆர்சி கிளம்பிப்போன பிறகு டிசம்பரிலும் தனிப்படகுகள் போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கூட்டம் குறைந்து, தேடுகிறவருக்கு வசதியாக இருக்கும்.

திரும்பும் காலம் மே மாதத்தை ஒட்டி. ஆன்டிகுவா, செயின்ட் மார்ட்டின் பக்கமிருந்து அசோர்ஸ் தீவுகளின் ஓர்த்தா வழியாக ஐரோப்பாவுக்கு. குளிரும் அலையும் கூடுதல், அதனால் ஆள் கிடைப்பது சிரமம். கஷ்டத்துக்குப் பயப்படாத புதியவருக்கு இது அருமையான சந்தர்ப்பம். ஓர்த்தா துறைமுகச் சுவரில் வந்துபோகும் படகுகளின் க்ரூ தங்கள் படகின் பெயரைப் படமாக வரைந்துவிட்டுப் போவது வழக்கம், வரையாமல் போனால் பயணம் விளங்காதாம்.

பசிபிக் போக விரும்புவோர் பனாமா கால்வாயில் ஆண்டின் முதல் மாதங்களில் காத்திருக்கலாம். அங்கே புதியவருக்கென்றே செய்துவைத்தது போன்ற ஒரு வேலை உண்டு. கால்வாயைக் கடக்கும் ஒவ்வொரு சிறு படகிலும் ஓட்டுபவரைத் தவிர, கயிறு பிடிக்க நாலு பேர் இருந்தாக வேண்டும். இருவர் மட்டும் உள்ள படகு ஆளுக்கு அலையும். நீர்ப்பூட்டில் (படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்த் தொட்டியில்) தண்ணீர் ஏறும்போது கயிற்றின் தொய்வை இழுப்பதும், இறங்கும்போது விட்டுக்கொடுப்பதும்தான் வேலை. கட்டாயத் தேவை கவனம். பெரும்பாலும் ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிந்துவிடும். ஸ்கிப்பர் எப்படிப்பட்டவர் என்று நீங்களும், நீங்கள் எப்படி என்று அவரும் பார்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பு. பிடித்துப்போனால் அங்கிருந்தே பசிபிக்குக்கும் அழைப்பு வரலாம். கலாபகோஸிலிருந்து மார்க்கீசஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல், நடுவில் கரையே கிடையாது.

படகைவிட ஸ்கிப்பரைப் பாருங்கள்

பளபளக்கும் படகைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். பழைய படகும் நல்ல ஸ்கிப்பரும் அமைந்தால் பயணம் இனிக்கும். புதுப் படகும் சிடுமூஞ்சி ஸ்கிப்பரும் என்றால் மூன்றாம் நாளே கரையைத் தேடும் மனசு. ஏறுவதற்கு முன் தொலைபேசியில் அல்ல, வீடியோவிலாவது பேசுங்கள். முடிந்தால் ஒரு நாள், ஒரு ராத்திரி கரையோரமாகப் போய்ப் பாருங்கள்.

இவற்றைத் தயங்காமல் கேட்கலாம். இந்தப் படகை எத்தனை காலமாக ஓட்டுகிறீர்கள்? இதற்கு முன் வந்த க்ரூ இரண்டு பேரின் தொடர்பு எண் தருவீர்களா? மொத்தம் எத்தனை பேர், வாட்ச் எப்படிப் பிரிப்பீர்கள்? கடலில் குடி உண்டா? எனக்குத் தனிப் படுக்கை இருக்கிறதா? தேதி தள்ளிப்போனால் என்ன ஏற்பாடு? முன்னாள் க்ரூவின் எண்ணைக் கொடுக்க மறுப்பவரோடு நான் போக மாட்டேன், காரணம் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும். "முன்பு வந்தவர்கள் எல்லாரும் பாதியில் ஓடிவிட்டார்கள், எல்லாம் உதவாக்கரைகள்" என்று ஒருவர் சொன்னால், கோளாறு எங்கே என்று உங்களுக்கே புரியும்.

பெண்கள் தனியாகப் போகும்போது முன்பு அதே படகில் வந்த பெண்களிடமே பேசுவது நல்லது. தம்பதியர் அல்லது குடும்பம் இருக்கும் படகு, தோழியோடு சேர்ந்து இரண்டு இடம் கேட்பது, பெண்கள் நடத்தும் படகுக் குழுக்கள் என வழிகள் உண்டு. விளம்பரத்தில் "பெண் க்ரூ மட்டும்" என்று காரணமில்லாமல் போட்டிருந்தால், வயதையும் புகைப்படத்தையும் முதல் செய்தியிலேயே கேட்டால், பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். உறவு அது இது என்று எந்தக் கணக்கும் இல்லை, க்ரூ வேலை மட்டும்தான் என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆணோ பெண்ணோ, படகின் பெயர், பதிவு எண், ஸ்கிப்பரின் பெயர், போகும் பாதை, எதிர்பார்க்கும் தேதி இவ்வளவும் கரையில் ஒருவரிடம் இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் இறங்கிப்போகும் அளவுக்குப் பணம் உங்கள் கையில் தனியாக இருக்கட்டும். பாதியில் இறங்குகிற உரிமை உங்களிடம் இருக்கும்வரைதான் இது விருப்பப் பயணம்.

பண விஷயத்தை முதல் நாளே பேசி, ஒரு செய்தியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுச் செலவைப் பங்கு போடுவது பரவலான வழக்கம். சில படகுகளில் டீசலும் துறைமுகக் கட்டணமும் பங்கில் சேரும், சிலவற்றில் உழைப்புக்கு ஈடாகச் சாப்பாடே இலவசம். படகு ரிப்பேர் செலவில் பங்கு கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள், படகு அவருடையது. நாளொன்றுக்கு இவ்வளவு என்று கேட்கும் தொகை உண்மையான செலவைத் தாண்டிப் போனால் அது க்ரூ இடமல்ல, வாடகைப் பயணம். அதற்கு உரிமமும் வணிகக் காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏறுவதற்கு முன் படகில் என்ன பார்ப்பது?

புதியவருக்குப் பாதிப் புரியாது, பரவாயில்லை. கண்ணால் பார்க்கக்கூடியவை இவை. உயிர்காப்பு மிதவைப் படகின் மேல் அடுத்த சர்வீஸ் தேதி ஒட்டியிருக்கும், காலாவதியா என்று பாருங்கள். ஆபத்துக் காலத்தில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் எபிர்ப் கருவியின் பேட்டரித் தேதியைப் பாருங்கள், அது இந்தப் படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஹார்னஸ் (உடலோடு மாட்டும் வார்), அதைப் படகோடு இணைக்கும் கொக்கி வைத்த கயிறு உண்டா? தொடை வார் இல்லாத ஜாக்கெட் தண்ணீரில் தலைக்கு மேல் ஏறிவிடும். தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அடியில் நிறையத் தண்ணீர் நிற்கக் கூடாது. பாய்க்கம்பத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்து, சமுத்திரம் கடக்கிற திட்டமும் இருந்தால் யோசிக்க வேண்டும்.

இவற்றைக் கேட்டதற்கு ஸ்கிப்பர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் ஒரு தகவல்தான். நல்லவர் சந்தோஷமாக ஒவ்வொன்றையும் திறந்து காட்டுவார்.

காகிதங்கள்

படகில் வந்து இறங்கினாலும் நாட்டுக்குள் நுழைவது நுழைவதுதான், விசா வேண்டும். விமானத்தில் வந்தால் விசா கேட்காத நாடு படகில் வந்தால் கேட்கலாம். விசா விலக்குள்ள ஐரோப்பிய பாஸ்போர்ட்காரர்கூடத் தனியார் படகில் அமெரிக்காவுக்குள் போக முறையான விசா எடுத்தாக வேண்டும். ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் என்ற கணக்கு படகுக்காரர்களையும் விடாது. ஒவ்வொரு நாட்டிலும் ஸ்கிப்பர் க்ரூ பட்டியலைக் கொடுத்து உங்களுக்குப் பொறுப்பேற்கிறார். நீங்கள் அங்கேயே இறங்குவதானால் பட்டியலிலிருந்து பெயரை முறைப்படி நீக்க வேண்டும், திரும்பிப்போகிற டிக்கெட்டையும் பல நாடுகள் கேட்கும். பாஸ்போர்ட்டை அதிகாரிகளிடம் காட்ட ஸ்கிப்பர் வாங்குவார், வேலை முடிந்ததும் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். "என்னிடமே இருக்கட்டும்" என்றால் சம்மதிக்காதீர்கள். உங்கள் பயணக் காப்பீடு கரையிலிருந்து எத்தனை மைல் வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள், பல பாலிசிகள் ஆழ்கடலை விட்டுவிடும்.

பையும் வயிறும்

மடக்கி வைக்க முடிந்த துணிப்பை மட்டும் கொண்டுபோங்கள். கெட்டியான சூட்கேஸ் வைக்கப் படகில் இடமே இல்லை. சிவப்பு வெளிச்சமும் உள்ள தலை விளக்கு, குளிருக்கு அடுக்கடுக்காகப் போடும் துணி, ஒரு சின்னக் கத்தி, தொப்பி, நீங்கள் சாப்பிடும் மருந்து. வெப்பமண்டலத்திலும் ராத்திரி வாட்சில் குளிரும்.

கடல் நோய் வராதவர் அபூர்வம். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். சின்னரிசைன் பலருக்கு ஒத்துக்கொள்கிறது, தூக்கம் வரவழைக்கும். டாக்டரைக் கேட்டுவிட்டு, கரையிலேயே ஒரு தரம் போட்டுப் பாருங்கள். தலை சுற்ற ஆரம்பித்தால் உள்ளே போகாமல் வெளியே உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், சுக்கானைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வாந்தி வந்தால் காற்று போகும் பக்கமாக, கொக்கியை மாட்டிக்கொண்டு, முடிந்தால் வாளியில். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாளில் விட்டுவிடும்.

படகில் ஏறிய பிறகு

முதல் இரவு வாட்ச்தான் புதியவருக்குப் பெரிய விஷயம். பத்து நிமிடம் முன்னதாக எழுந்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, படி ஏறி வெளியே வரும் முன்பே ஹார்னஸ் கொக்கியைப் போடுங்கள். முந்தின வாட்ச்காரரிடம் திசை, காற்று, பார்த்த கப்பல்கள், ஸ்கிப்பரை எப்போது எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும், பாய் மறைக்கும் பக்கத்தையும் குனிந்து. ஏழு கடல் மைலுக்கு அப்பால் புள்ளியாகத் தெரிகிற சரக்குக் கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் இருபது நிமிடத்தில் உங்கள் மேலேயே இருக்கும். அதன் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒருசேரத் தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. ஒரு விளக்கு மட்டும் தெரிந்தாலும், திசைகாட்டியில் அதன் கோணம் மாறாமலே கப்பல் பெரிதாகிக்கொண்டு போனால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள். சந்தேகம் வந்தவுடனே ஸ்கிப்பரை எழுப்புங்கள். வீணாக எழுப்பிவிட்டோமோ என்று கூச்சப்படவே வேண்டாம், எழுப்பாதவர் மேல்தான் ஸ்கிப்பருக்குக் கோபம் வரும்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் கத்துங்கள், மிதவையை எறியுங்கள், அவரைக் கையால் காட்டிக்கொண்டே நில்லுங்கள். காட்டும் கையை எதற்காகவும் இறக்கக் கூடாது. அலைக்கு நடுவே தலை ஒரு தேங்காய் அளவு கூடத் தெரியாது.

மற்றதெல்லாம் குடித்தனச் சமாச்சாரம். நல்ல தண்ணீரை அளந்து செலவழியுங்கள். சமைத்து முடித்ததும் கேஸை சிலிண்டரிலேயே மூடுங்கள், கசிந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கிவிடும். கழிப்பறையின் கைப்பம்பை எப்படி அடிப்பது என்று முதல் நாளே வெட்கப்படாமல் கேளுங்கள், அடைத்துக்கொண்டால் அதைப் பிரிப்பது நீங்கள்தான். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வையுங்கள், இருட்டில் இன்னொருவர் அதைத் தடவித் தேடுவார். தூங்குகிறவர் பக்கத்தில் சத்தம் வேண்டாம். பாத்திரம் கழுவ முறை போடும் முன்பே கழுவிவிடுகிற ஆளை எந்தப் படகும் விடாது. ஸ்கிப்பரோடு கருத்து வேறுபாடு வந்தால், வேலை நடக்கும் நேரத்தில் சொன்னதைச் செய்துவிட்டு, அப்புறம் டீ குடிக்கும்போது தனியாகக் கேளுங்கள்.

இறங்குகிற அன்று உங்கள் நோட்டில் படகின் பெயர், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கடல் மைல், இரவு வாட்ச் நேரம் எல்லாவற்றையும் எழுதி ஸ்கிப்பரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த படகுக்காரர் கேட்டால் உங்கள் எண்ணைக் கொடுக்கலாமா என்றும் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றால் அடுத்த இடத்துக்கு அந்த ஒரு போன் போதும்.